கொல்லையில் ஒரு கொடிக்கால்

தேர்வாய் கண்டிகையில் வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: தக்காளி, வெண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அகத்தி விதையைப் போடுங்கள்.

சிப்காட் வந்த பிறகு இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர் நாற்று விட்டு, பாத்தி கட்டி, தினமும் புழு பொறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிற மழை. அக்னி நட்சத்திரத்தில் சரளை மண் கொதிக்கிற வெயில். இரண்டையும் தாங்கி நிற்பவை, ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் பறிக்கத் தருகிற காய்களும் கீரைகளும்தான். இவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனசே வராது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் என்பவர் மரம், புதர், கொடி, கிழங்கு என்று ஏழு அடுக்கில் உணவுக் காடு வளர்த்தார். உலகமே அதைக் கொண்டாடியது. அவர் முன்மாதிரியாகக் கொண்டவற்றில் கேரளத்து வீட்டுத் தோட்டமும் ஒன்று. அவ்வளவு தூரம் போவானேன், நம் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தி நிழலும் தரும், கொடி ஏறக் காலாகவும் நிற்கும். அவரை இனம் என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். ஓரத்தில் வாழை. எங்கள் கொல்லையில் அதே முறைதான், வெற்றிலைக்குப் பதிலாகக் கோவை. துவாதசிக்கு அகத்திக் கீரை, மற்ற நாளெல்லாம் கோவைக்காய்ப் பொரியல்!

கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அதனால் விதை போடாதீர்கள். நன்றாகக் காய்த்த கொடியிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி வெட்டி நடுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் கொடியைக் கழித்துவிட்டால் புதுத் தளிர் விட்டு மறுபடி காய்க்கும்.

என் செல்லம் என்னவோ சுண்டைதான். முள்ளும் முரட்டு இலையுமாக நிற்கும், பூச்சி வந்தாலும் கலங்காது. வாடல் நோய்க்கு அசையாத வேர் என்பதால்தான் கத்தரியைச் சுண்டையின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். பச்சைக் காயை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்து விதை தெறிக்கும். தண்ணீரில் அலசி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க வற்றும்வரை இதே வேலை. அப்படிக் காய்ந்த வற்றலை நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பில் போட்டால் வாசனை தெரு முனை வரைக்கும் போகும்!

அடுத்தது சாயா, சிலர் மரக்கீரை என்பார்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயா மக்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிற கீரை. ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை நடத்தும் கிருஷ்ணா மெக்கன்ஸி, பிறப்பால் ஆங்கிலேயர், அழகான தமிழில் இந்த மாதிரிச் செடிகளையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டாடுகிறாரே, அவருக்கு ஒரு கும்பிடு. சாயாவைப் பச்சையாகத் தின்னவே கூடாது, அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. மூடி போடாமல் இருபது நிமிஷம் வேகவிட்டால் ஆவியோடு போய்விடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். வெந்த பிறகு பருப்போடு கடைந்தால் முருங்கைக்கீரையையே மறக்கடிக்கும். தவசிக்கீரைக்கும் இந்த எச்சரிக்கை உண்டு: 1990களில் தைவானில் இளைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றை நாள் தவறாமல் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது. சமைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

சிறகவரையைச் சொல்லாமல் விட்டால் பாவம். பகல் நீளம் குறையும்போதுதான் பூக்கும், எங்களுக்கு மழைக்காலத்தை ஒட்டி. இலை, பூ, பிஞ்சு, கிழங்கு எல்லாமே உணவு. நீல வெள்ளைப் பூவைத் தோசை மாவில் தூவிப் பாருங்கள்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் பாய்கிறது, கோடையில்கூட. பக்கத்திலேயே 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. அரை டிஎம்சி கொள்ளளவு, சென்னையின் குடிநீருக்கென்றே கட்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம், குடம் குடமாய்க் கேட்காத இந்தச் செடிகள்மேல் எனக்குப் பிரியம் கூடிக்கொண்டே போகிறது.

ஆவணி, புரட்டாசிக்குள் குச்சிகளை நட்டுவிட்டால் பெருமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். இந்த வருஷம் நான் தேடிக்கொண்டிருப்பது லச்சக்கொட்டைக் கீரை, வெளிர் மஞ்சள் பச்சையில் இலை விடுமே, அது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் யார் வீட்டில் நின்றாலும் ஒரு கிளை கொடுங்கள். பதிலுக்குச் சாயா, கோவைக் குச்சிகளை எத்தனை கட்டு வேண்டுமானாலும் வெட்டித் தருகிறேன்.