விடிலி

மாதாப்பூர் அடுக்குமாடியில் காப்பிக்கு உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போடும்போதெல்லாம் எனக்கு விடிலி நினைவுக்கு வரும். பனங்காட்டில் பதநீர் காய்ச்சப் போடும் ஓலைக் குடிசைக்குத் தென் மாவட்டங்களில் அதுதான் பெயர். சீசன் சில மாதங்களே என்றாலும், அதுபோல யோசித்துக் கட்டிய பட்டறை வேறில்லை என்பேன்.

மரங்களுக்கு நடுவிலேயே அடுப்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பதநீரை வெகுநேரம் வைத்திருக்க முடியாது. இறக்கியதும் காய்ச்ச வேண்டும். தாழ்ந்த கூரை காற்றைத் தடுக்கும், ஓலை இடுக்கு ஆவியை வெளியே விடும். எரிப்பதும் காய்ந்த பனைமட்டையும் ஓலையும்தான்.

பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கிவிடும். அதன்பின் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, சட்டியை இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஏறுவது ஆண்கள்; அடுப்படியில் வேகும் இந்த நுட்பம் பெரும்பாலும் பெண்களுடையது.

கனடாவில் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சும் கொட்டகையிலும் இதே யோசனைதான்: கூரை உச்சியில் ஆவிக்குத் திறப்பு, பக்கத்திலேயே விறகு. சுமார் 40 லிட்டர் சாறு வற்றினால்தான் 1 லிட்டர் பாகு என்பதால், பிற்பாடு பெரிய கொப்பரை வைக்கவும் இடம் விட்டே கட்டுகிறார்கள். விடிலியை நீட்ட நாலு கம்பும் கொஞ்சம் ஓலையும் போதும். பனையைத்தான் அப்படிக் கூட்ட முடியாது. விதைத்தது பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஏறத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள்.