குண்டுக்கு அசையாத கோட்டை சம்பளப் பாக்கியில் போன கதை

போலந்துக்குப் போகிறவர்கள் வார்சாவையும் கிராக்கூஃபையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மால்போர்க்கில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. கதான்ஸ்கிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். நோகாத் ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போதே ஜன்னலில் தெரிந்துவிடும். கரை நெடுகச் செங்கல், செங்கலுக்கு மேல் செங்கல், அதற்கும் மேல் கோபுரம்! பரப்பளவில் உலகிலேயே பெரிய கோட்டை இதுதான் என்கிறார்கள். உள்ளே நடந்து கால் ஓய்ந்த பிறகு அந்தப் பேச்சை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

இதைக் கட்டியவர்கள் ராஜாக்கள் அல்ல, துறவிகள். வெள்ளை அங்கியில் கறுப்புச் சிலுவை தரித்த டியூட்டானிக் சபையினர். சிலுவைப் போர்க்காலத்தில், 1190-இல், அக்கோ நகர முற்றுகையின்போது பிரேமன், லூபெக் நகர வணிகர்கள் கப்பல் பாயைக் கூடாரமாகக் கட்டிக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரிதான் எட்டே வருஷத்தில் வாளேந்திய சபையாக மாறியது. பிறகு மசோவியா நாட்டுச் சிற்றரசர் கொன்ராடு, தம் எல்லையில் தொல்லை கொடுத்த, கிறிஸ்தவரல்லாத பிரஷ்யர்களை அடக்க இவர்களை அழைத்தார். வந்தவர்கள் அடக்கினார்கள், தங்களுக்கென்றே ஒரு நாட்டையும் அமைத்துக்கொண்டார்கள். 1309-இல் சபையின் பெருந்தலைவர் வெனிஸை விட்டு இங்கே குடிவந்துவிட்டார்.

வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று விரதம் எடுத்தவர்களின் வீடு இது என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். தரைக்கு அடியில் உலை, உலைக்கு மேல் கல் குவியல். கல் சூடேறியதும் தரையில் இருக்கும் துளைகளின் மூடியைத் திறந்தால் கூடம் முழுக்க வெதுவெதுப்பு! பதினான்காம் நூற்றாண்டில்! கக்கூஸுக்குக்கூடத் தனிக் கோபுரம். நீண்ட நடைபாதையைக் கடந்து அங்கே போக வேண்டும். அவசரத்தில் வருகிறவனுக்கு வழிகாட்ட ஒரு குட்டிச் சாத்தானைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். துறவிகளுக்குச் சிரிக்கவும் தெரிந்திருக்கிறது.

ஆனால் என்னை அப்படியே கட்டிப்போட்டது பெருந்தலைவரின் கோடைக்கால உணவுக்கூடம். அவ்வளவு பெரிய கூடத்துக்கு நடுவே ஒரே ஒரு கருங்கல் தூண். அதன் உச்சியிலிருந்து பனைமரம் மட்டை விரித்த மாதிரி கூரை நாலா பக்கமும் விரிகிறது. கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறது. 1410 முற்றுகையில் அந்த ஒற்றைத் தூணுக்குக் குறிவைத்துச் சுட்டதாம். தூண் உடைந்தால் கூரை மொத்தமும் தலைவர்கள் தலையில்தான். குறி தப்பிவிட்டது.

அந்த வருஷம் ஜூலை 15-இல்தான் கிரன்வால்டு களத்தில் போலந்து அரசர் யாகியெல்லோவும் லித்துவேனியாவின் விதாவ்தாஸும் சேர்ந்து சபையை நொறுக்கியிருந்தார்கள். பெருந்தலைவர் உல்ரிச் ஃபோன் யூங்கிங்கன் களத்திலேயே மாண்டார். தலை போன சபையின் இந்தக் கோட்டைக்குள் ஹைன்ரிக் ஃபோன் பிளாவன் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். சுமார் இரண்டு மாதம் மோதிப் பார்த்துவிட்டு யாகியெல்லோ திரும்பிவிட்டார். கதாநாயகன் என்றால் எனக்குப் பிளாவன்தான்!

கோட்டை பிழைத்தது, சபைதான் தேறவில்லை. லித்துவேனியாவே 1387-இல் ஞானஸ்நானம் பெற்றுவிட்ட பிறகு யாரை எதிர்த்துச் சிலுவைப் போர்? போரில் தோற்றதற்கு ஈட்டுப்பணம் வேறு கட்ட வேண்டும். வரியை ஏற்றினார்கள். சொந்த ஆட்சியிலிருந்த நகரங்களும் பிரபுக்களும் 1454-இல் எதிர்த்து எழுந்து போலந்து அரசரோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களை அடக்கக் கூலிப்படை வைத்தார்கள், சம்பளம் கொடுக்கப் பணமில்லை. கோட்டையையே படையிடம் அடகு வைத்தார்கள். 1457-இல் போஹீமியக் கூலிப்படைத் தலைவன் அதைப் போலந்து அரசருக்கே விற்றுவிட்டுப் போய்விட்டான். குண்டு துளைக்காத சுவரைக் கணக்குப் புத்தகம் துளைத்துவிட்டது. 1525-இல் பெருந்தலைவர் ஆல்பிரெக்ட் தாமே லூத்தரன் ஆகி, பிரஷ்யாவின் பிரபுவாகி, கிராக்கூஃப் சந்தைச் சதுக்கத்தில் போலந்து அரசர் முன் மண்டியிட்டார்.

1945-இல் இந்தக் கோட்டையில் பாதிக்கு மேல் இடிந்துபோனது என்பதை இன்றைக்குப் பார்த்தால் நம்பவே முடியாது. கிழக்குச் சுவரில் எட்டு மீட்டர் உயர மாதா சிலையைக்கூட 2016-இல் திரும்ப நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு செங்கல்லும் பொறுமை!

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், தேய்ந்த செருப்போடு போகாதீர்கள். முடிந்தால் ஜூலை நடுவில் போங்கள். கிரன்வால்டு களத்தில் வருஷாவருஷம் கவசமும் குதிரையுமாக அந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள். பாவம் உல்ரிச், ஒவ்வொரு வருஷமும் சாகிறார். அடுத்த முறை நானும் அந்தக் கூட்டத்தில் நின்று போலந்துக்காரர்களோடு சேர்ந்து கைதட்டப்போகிறேன், மனசுக்குள் பிளாவனுக்கும் சேர்த்து.