மாயாவி கொடுக்கும் விலை

ஒற்றன் கதைக்கும் பேய்க் கதைக்கும் ரகசியமே உயிர் என்றாலும், ஒற்றன் காக்கும் ரகசியம் என்றேனும் ஒருநாள் வெளிப்பட்டே தீரவேண்டியதாகவும், பேயின் ரகசியம் வெளிப்பட்ட கணத்திலேயே தன் மகிமையை இழந்துவிடுவதாகவும் இருக்கிறபடியால், இவ்விரண்டையும் ஒரே கதையில் பிணைக்க முற்படுகிற ஆசிரியன் தொடக்கத்திலேயே ஒரு தர்மசங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறான். இதிலிருந்து விடுபட இரண்டு மார்க்கங்கள் பெருவழக்காக இருக்கின்றன. கதை முழுவதும் அமானுஷ்யமான நிகழ்ச்சிகளால் வாசகனை நடுங்கவைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் அவை அனைத்துக்கும் விஞ்ஞானத்தையோ மனித வஞ்சகத்தையோ காரணமாகக் காட்டிவிடுவது ஒன்று. அதிசயத்துக்குக் காரணம் கூறாமலே, அது இன்ன வரம்புக்குள்தான் இயங்கும், இன்ன விலை கொடுத்தால்தான் பலிக்கும் என்ற நியதியை முதலிலேயே வகுத்து, அதை இறுதிவரையில் மீறாமல் காப்பது மற்றொன்று. தமிழ்க் கதையுலகம் இரண்டையும் பயின்றிருக்கிறது. எனினும் முன்னதற்கே நாம் அதிக மதிப்பளித்து வந்திருக்கிறோம் என்பதும், பின்னதே மேலானது என்பதும் என் துணிபு.

1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் நாயகனாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவன். ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டேல், இழந்த வலக்கைக்குப் பதிலாக எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். பின்னொரு விபத்தில் உடலில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் உருவம் மறைந்துபோகிறது, ஆனால் அந்த எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. சிறிது காலம் தீய வழியில் திரிந்து, பிறகு மனந்திரும்பி, நிழற்படை என்னும் உளவு ஸ்தாபனத்தில் அவன் சேர்ந்ததிலிருந்து, அமானுஷ்யமும் ஒற்றாடலும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் ஒருங்கே வந்து சேர்ந்தன என்று சொல்லலாம். மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவானா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், அடைபட்டுக் கிடக்கும் அந்த அறையில் மின்கம்பி எங்கே இருக்கிறது, மறைந்த உருவம் மீண்டும் தெரியத் தொடங்குவதற்குள் அவன் தப்பிவிடுவானா, அந்தரத்தில் மிதந்து செல்லும் கையை எவனாவது பார்த்துவிடுவானா என்பவைதாம். அதாவது, கதாசிரியன் விதித்த மூன்று நிபந்தனைகளையும் வாசகர்கள் தம்முடையவையாக ஏற்றுக்கொண்டு, அந்த எல்லைக்குள் நின்றே அச்சப்பட்டார்கள், ஆனந்தப்பட்டார்கள். மாயாவியின் சக்தி அவர்களைக் கவர்ந்தது மெய்யே. எனினும் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு படபடக்கச் செய்தது அந்தச் சக்தியின் குறைபாடே.

பின்னாளில் அந்தக் கையின் விரலிலேயே துப்பாக்கியும், உள்ளே வானொலிச் சாதனமும், மயக்கவாயுவும் பொருத்தப்பட்டபோது கதையின் வேகம் கூடியிருக்கலாம், சாரம் குன்றிவிட்டது. இடுக்கண் நேரும்தோறும் ஒரு புதிய கருவி கைக்குள்ளிருந்து புறப்படுமானால், மின்கம்பியைத் தேடித் தவிக்கவேண்டிய அவசியம் நாயகனுக்கு இல்லை; அவன் பொருட்டுத் தவிக்கவேண்டிய அவசியம் வாசகனுக்கும் இல்லை.

நிபந்தனையோடு கூடிய இந்த மாயம் நமக்குப் புதிதாக இறக்குமதியான சரக்கென்று எண்ணுவது பிழை. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம், விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் அவன் தலை சுக்குநூறாகும் என்றும், வாய் திறந்து மௌனம் கலைந்தாலோ தான் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடுவேன் என்றும் சொல்லி அவனைக் கட்டிவைக்கிறது. அது ஏன் வேதாளமாயிற்று என்பதைப் பற்றி அந்த வழிநடையில் நாம் கவலைப்படுவதில்லை. மேய்ப்பனான மூலன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு மனமிரங்கி, அவன் உடலில் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சிவயோகியார், திரும்பி வந்து பார்த்தபோது தம் சொந்த உடலைக் காணாமல் திருமூலராகவே தங்கிவிட்ட வரலாற்றிலும், சித்திக்கு நேர்ந்த விலை வெளிப்படையாக நிற்கிறது. நம் கிராமங்களில் நேர்த்திக்கடன் என்பது என்ன? வேண்டியது கிடைத்துவிட்டதென்று கொடுக்கவேண்டியதைக் கொடாமல் விட்டவன் வீட்டில் என்ன நடக்கும் என்ற பயம் எந்த விளக்கத்தையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆகவே விலையில்லாத வரத்தைச் சந்தேகிக்கும் இயல்பு தமிழ் வாசகனின் உதிரத்தில் ஊறியது.

அப்படியிருந்தும் விளக்கத்தின் மீது நமக்கு இத்தனை மோகம் உண்டானதற்குக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழில் படித்தவர்களின் மனம் பகுத்தறிவுக்கும் பழம் நம்பிக்கைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அவ்விரண்டுக்கும் ஒரே வேளையில் விருந்து வைக்கக்கூடியது இந்த முறைதான். குமுதம் இதழில் தொடராக வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதன் தலைசிறந்த உதாரணம். ஆவியின் நடமாட்டமென்று அஞ்சப்படும் காட்சிகளுக்கு ஹோலோகிராம் என்னும் ஒளி நுட்பத்தைக் காரணமாகக் காட்டி, வழக்கறிஞர்களான கணேஷையும் வசந்தையும் எதிரெதிர்க் கட்சியில் நிறுத்தி வாதிடச் செய்து, முடிவிலும் சந்தேகத்தின் ஒரு நூலிழையை அறுக்காமல் விட்ட சாமர்த்தியம் சாமானியமானதன்று. விளக்கம் வாசகனின் அறிவுக்குச் செலுத்தப்படும் மரியாதை என்பதை நான் மறுக்கவில்லை. ஹோலோகிராம் என்ற சொல்லையே முதன்முதலாக அந்தக் கதையில்தான் கேட்டவர்கள் பலர். பயத்தின் வழியாக விஞ்ஞானம் கற்பித்த அந்தத் தொண்டு பாராட்டத்தக்கது.

ஆயினும் இம்முறையின் பெருங்குறை, அதைப் பின்பற்றிய சிறிய எழுத்தாளர்களிடத்தில் அம்பலமாகிறது. வாரந்தோறும் 'தொடரும்' போட்டு நிறுத்தவேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவன், வாரந்தோறும் ஓர் அதிசயத்தைக் கடன் வாங்குகிறான். கடைசி வாரத்தில் அந்தக் கடன் முழுவதையும் ஒரே தவணையில் தீர்க்கப் பார்க்கிறான். விளைவு, விளக்கமே அதிசயத்தைவிட நம்பத்தகாததாகிவிடுகிறது. இருபது வாரம் நடுங்கிய வாசகனிடம், அது முகமூடியணிந்த சித்தப்பா என்று சொல்வது அவன் செலவிட்ட அச்சத்தை அவமதிப்பதாகும். தவிரவும், முடிவில் எப்படியும் ஒரு மனிதக் காரணம் வரும் என்று பழகிவிட்ட வாசகன், முதல் அத்தியாயத்திலிருந்தே பயப்படுவதை விட்டு ஆள் தேடத் தொடங்கிவிடுகிறான்.

தொலைக்காட்சியில் இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டவர்கள் இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்குநர் நாகாவும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தயாரித்த 'மர்ம தேசம்' வரிசையில், 'விடாது கருப்பு' என்ற பகுதி, குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கும் கருப்புசாமியின் நடமாட்டத்தை ஒரு கிராமத்தின் மேல் கவியவைத்து, பிளவுபட்ட மனத்தின் நோய்க்கூறுகளைக் கொண்டு அதற்கு விடை கூறியது. அது ஏனைய மர்மக் கதைகளின் விடைகளைப்போல் நம்மை ஏமாற்றவில்லை என்றால், அதற்குக் காரணம் மனநூல் அன்று. தப்புச் செய்தவன் தப்ப முடியாது என்ற கருப்பின் நியதி தொடர் முழுவதும் ஒரே சீராகக் காக்கப்பட்டதே. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமி சந்நிதியின் மூடிய கதவுகளுக்கு முன் நின்று சத்தியம் செய்பவன், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அந்த உணர்ச்சியை அப்படியே திரைக்குக் கொண்டுவந்ததால்தான், விளக்கம் வந்த பிறகும் அந்தக் குளம்பொலி பயமுறுத்தியது.

2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுகளுக்காகப் படிக்க வரும் இளைஞர்கள், ஓய்வு வேளையில் ஜப்பானிய அனிமே தொடர்களைப் பற்றி ஆவேசத்தோடு வாதிப்பதை அவ்வழியே செல்பவர் எவரும் கேட்கலாம். அவற்றுள் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது, தென்சாய் ஒகாமுரா இயக்கத்தில் போன்ஸ் என்ற நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'டார்க்கர் தேன் பிளாக்'. டோக்கியோ நகரின் நடுவே 'நரக வாயில்' என்ற விபரீதப் பிரதேசம் தோன்றி, அதனோடு உண்மையான விண்மீன்கள் மறைந்து, பொய் வானம் ஒன்று கவிந்துவிடுகிறது. நூலகத்துக்கு அருகிலேயே 1988 முதல் இயங்கிவரும் பிர்லா கோளரங்கத்தின் குவிமாடத்துக்குக் கீழே உட்கார்ந்து, வெளிச்சத்தால் வரைந்த விண்மீன்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, உலகமே அப்படியொரு குவிமாடத்துக்குள் அடைபட்டுவிட்டதென்ற கற்பனையின் கொடுமை எளிதில் விளங்கும். அந்தப் பொய் வானத்தின் விண்மீன் ஒவ்வொன்றும், 'ஒப்பந்தக்காரர்' எனப்படும் அமானுஷ்ய சக்தி பெற்ற ஒருவரோடு இணைந்தது. அவர் மாண்டால் அது உதிர்கிறது. இவர்களை உலக நாடுகளின் உளவு ஸ்தாபனங்கள் கூலிக் கொலைக்கும் திருட்டுக்கும் பயன்படுத்துகின்றன.

சக்தி ஏன் வந்தது என்பதைத் தொடர் கடைசி வரை முழுதாகச் சொல்வதில்லை. அதற்குரிய கூலியை மட்டும் கண்டிப்பாக வசூலிக்கிறது. ஒவ்வொரு முறை சக்தியைப் பிரயோகித்த பிறகும் ஒருவன் தன் விரலைத் தானே முறித்துக்கொள்ளவேண்டும். திரவங்களை உறையவைக்கும் ஆங்கிலேய ஒற்றனொருவன், தான் வெறுக்கும் சிகரெட்டைப் புகைத்தாக வேண்டும். காலத்தை நிறுத்தவல்ல ஆம்பர் என்ற பெண்ணோ, ஒவ்வொரு தடவையும் வயதில் குறைந்துகொண்டே போகிறாள். பிறரைக் காக்கும்தோறும் அவள் குழந்தைமையை நோக்கி அழிந்துகொண்டிருக்கிறாள் என்பதை நாம் கண்ணால் காண்கிறோம். இங்கே விலையும் பாத்திரமும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாகிவிட்டன. நாயகன் ஹேய் மட்டும் மின்சாரத்தைப் பாய்ச்சிக் கொல்கிறான், கூலி எதுவும் செலுத்துவதில்லை. வாரக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருக்கும் இந்த விதிவிலக்குதான் கதையின் மூல மர்மம். அந்தச் சக்தி அவனுடையதன்று, அவனோடு கலந்துவிட்ட அவன் தங்கையுடையது என்று தெரியவரும்போது, விளக்கமும் நியதியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நியதியைக் கண்டிப்பாகக் காத்தவனுக்கே விதிவிலக்கைக் கொண்டு ஒரு மர்மத்தைச் சிருஷ்டிக்கும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரியாது.

குறைகளும் உள்ளன, அவை சிறியவையல்ல. இரண்டு இரண்டு பகுதிகளாகக் கதைகளை அமைத்த இருபத்தைந்து பகுதிகளில், புத்தகத் தாளின் மூலையை மடிப்பது, கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவது போன்ற கூலிகள் வெறும் விசித்திர அலங்காரமாக நின்றுவிடுகின்றன. செலுத்துகிறவனுக்கு நஷ்டமில்லாத விலையை விலையென்று சொல்வதற்கில்லை. உடலை இழந்து பூனையின் உடலில் தங்கிவிட்ட மாவோ என்ற பாத்திரம் நம் திருமூலர் மரபுக்கு மிக நெருங்கியது. பூனையின் சிறிய மூளை மனித நினைவைத் தாங்காதென்பதால் அவன் ஒரு கணிப்பொறி வலையமைப்பைச் சார்ந்தே உயிர் வாழ்கிறான் என்ற நிபந்தனையும், அது துண்டிக்கப்பட்டதும் அவன் வெறும் பூனையாகிவிடுவதும் உள்ளத்தை உருக்குபவை. ஆனால் 2009-இல் வந்த இரண்டாம் தொடரில் அவனைப் பறக்கும் அணிலொன்றின் உடலில் திரும்பக் கொண்டுவந்தபோது, முன்னே நாம் சிந்திய கண்ணீர் வீணாயிற்று. நியதி ஒருமுறை நெகிழ்ந்தால் அடுத்த மரணத்தை எவரும் நம்புவதில்லை. பன்னிரண்டே பகுதிகள் கொண்ட அத்தொடர் முடிவில் குவியும் புதிர்களையும், விளக்கமும் இல்லாமல் விதியும் இல்லாமல், மயக்கமாகவே விட்டுவிட்டது.

விண்மீனோடு மனித உயிரைப் பிணைப்பதில் கல்கியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950 முதல் 1954 வரை தொடர்ந்த 'பொன்னியின் செல்வ'னில் தூமகேது வானில் தோன்றி ராஜகுடும்பத்தை அச்சுறுத்துகிறது. கீழே ஆழ்வார்க்கடியான் நம்பி முதன்மந்திரி அநிருத்தருக்காக ஊர் ஊராக ஒற்றறிந்து திரிகிறான். வால்நட்சத்திரத்துக்கும் ஆதித்த கரிகாலன் மரணத்துக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ கல்கி தீர்ப்புச் சொல்லவில்லை. கொலை செய்த கை எது என்பதையும் ஐயம் திரிபறச் சொல்லவில்லை. அந்த நிதானம் பின்வந்தவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் ஜப்பானியர்கள் நம்மை விட்டு வெகுதூரம் முன்னே சென்றிருக்கிறார்கள். ஆழ்வார்க்கடியான் தன்னை ஏவிய மந்திரியைச் சந்தேகிப்பதில்லை. இரும்புக்கை மாயாவிக்கும் நிழற்படையின் நோக்கத்தில் ஐயம் எழுவதில்லை. ஹேய் பணிபுரியும் ஸ்தாபனமோ, ஒப்பந்தக்காரர்களைக் கொண்டே வேலையை முடித்துக்கொண்டு, பிறகு அவர்கள் அனைவரையும் ஒருசேர அழித்துவிடத் திட்டமிட்டிருந்தது என்பது கதையின் உச்சத்தில் வெளியாகிறது; அதுவரை ஒவ்வொருவரும் தம் விரலாலும் வயதாலும் செலுத்திவந்த விலை யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அமானுஷ்யத்துக்கு விலையுண்டு என்பதை வேதாள காலத்திலிருந்து அறிந்த நம் எழுத்தாளர்கள், அந்த விலையைச் செலுத்துகிறவன் ஒருவனாகவும் பலனைப் பெறுகிறவன் வேறொருவனாகவும் இருக்கும் கதையை, ஒற்றனை நாயகனாக வைத்து, நான் படித்த வரையில் இன்னும் எழுதவில்லை.