வங்கி அறக்கட்டளைகளும் கொள்கைப் பரப்புரையும்: ஒரு விமர்சனம்

ஒரு வங்கி தன் இலாபத்தில் ஒரு பகுதியைக் கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி முதலிய பொதுப்பணிகளில் செலவிடுவதற்காக அமைக்கும் தனி அமைப்பே வங்கி அறக்கட்டளை. ஐரோப்பாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் 2000க்குப் பிறகு இவை பெருகின. ஆக்சிஸ் வங்கி அறக்கட்டளை (2006), ஐ.சி.ஐ.சி.ஐ. அறக்கட்டளை (2008), எஸ்.பி.ஐ. அறக்கட்டளை (2015) ஆகியவை பலரும் அறிந்தவை.

இத்தகைய அமைப்புகள் இரண்டு வேலைகளைச் செய்யக்கூடும். ஒன்று, கொடுப்பது. மற்றொன்று, சட்டமும் விதியும் எப்படி இருக்க வேண்டும் என்று அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் யோசனை சொல்வது. முதல் வேலைக்கு இந்தியச் சட்டம் கணக்குக் கேட்கிறது. இரண்டாவது வேலைக்குக் கேட்பதில்லை. இந்த இடைவெளியைப் பற்றியதே இக்கட்டுரை.

கொடைக்குக் கணக்கு உண்டு

நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனத்துக்கு இது பொருந்தும். 2021இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. பணியைச் செய்துகொடுக்கும் அறக்கட்டளை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். திட்டங்களின் விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை இந்தக் கணக்கில் சேராது.

பாரத ஸ்டேட் வங்கி 1955ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் அமைந்தது. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தேசியமயமாக்கல் சட்டத்தின் கீழ் வருபவை. ஆகவே 135ஆம் பிரிவு இவற்றை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. இது ஒரு குறை என்றாலும், இவை பொதுத்துறை வங்கிகள் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் கேள்வி கேட்கலாம். தனியார் வங்கியின் அறக்கட்டளையிடம் அந்த வழியும் பொதுவாக இல்லை.

யோசனைக்குக் கணக்கு இல்லை

வங்கி உலகின் அனுபவம் எப்படிப் பொதுக்கொள்கையாக மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நச்சிகேத் மோர் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். அதன் அறக்கட்டளையின் முதல் தலைவராகவும் இருந்தவர். சிறுதொழில்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குமான நிதிச்சேவை பற்றி ஆராய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். குழுவின் அறிக்கை 2014 சனவரியில் வெளிவந்தது. பேமெண்ட்ஸ் வங்கி என்னும் புதுவகை வங்கியை அது பரிந்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதற்கான நெறிமுறைகள் வந்தன. 2015 ஆகஸ்டில் 11 விண்ணப்பதாரர்களுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. அவற்றுள் ஒன்றான இந்திய அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பரில் தொடங்கியது. இன்று புளியங்குடியில் தபால்காரர் வீட்டு வாசலில் நின்று கணக்கு தொடங்கித் தருகிறார் என்றால், அதன் வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

இதில் முறைகேடு நடந்தது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. குழு உறுப்பினர் பெயர்களும் பரிந்துரைகளும் அச்சில் உள்ளன, யாரும் படிக்கலாம். குழு என்று ஒன்று அமைந்தால் இவ்வளவாவது தெரிகிறது. குழு அமையாமல், அறக்கட்டளையின் பெயரில் ஓர் ஆய்வறிக்கை அதிகாரியின் மேசைக்குச் செல்லும்போதும், கருத்தரங்கில் ஒரு செயலரைச் சந்தித்துப் பேசும்போதும் எதுவும் தெரிவதில்லை. அவற்றைப் பதிவு செய்யக் கோரும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை.

கடன் வாங்குவோருக்கு இதில் என்ன?

கல்லூரி மாணவருக்கு இது தொலைவான விவாதமாகத் தோன்றலாம். தெருவில் குழுக்கடன் வாங்கும் பெண்களுக்கு இது தவணைப் பணத்தின் விவகாரம். ரிசர்வ் வங்கி 2021 சூனில் நுண்கடன் பற்றிய கலந்தாய்வு ஆவணத்தை வெளியிட்டது. 2022 மார்ச்சில் புதிய விதிகளை அறிவித்தது. நுண்நிதி நிறுவனங்களுக்கு இருந்த வட்டி வரம்பு அதனால் நீங்கியது. வட்டியை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம், ஆனால் அது கந்துவட்டி போல இருக்கக்கூடாது என்றானது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்ற நல்ல கட்டுப்பாடும் அதே விதிகளில் வந்தது. பிறகு 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதை ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. அளவுக்கு மீறிய வட்டி அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

வரம்பை எடுக்கலாம் என்று யார் யார், என்ன ஆதாரத்தோடு வாதிட்டார்கள்? எடுக்கக்கூடாது என்று யார் சொன்னார்கள்? தவணை கட்டும் பெண்ணுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விடாஸ் சிறுநிதி வங்கியை எடுத்துக்கொள்வோம். 2007இல் நுண்கடன் நிறுவனமாகத் தொடங்கி 2016இல் வங்கியானது அது. அதனோடு தொடர்புடைய அறக்கட்டளை தமிழ்நாட்டின் சில நகரங்களில் பள்ளிகள் நடத்துகிறது. அது போற்றத்தக்க பணி. ஆனால் பள்ளி நடத்துவதால் கிடைக்கும் நற்பெயரும், கடன் விதிகளைப் பற்றிப் பேசும் குரலும் இரண்டு வேறு பொருள்கள். எந்த வங்கிக் குழுமமாக இருந்தாலும் இரண்டையும் தனித்தனியே பார்க்க மக்களுக்கு வழி வேண்டும்.

ஐரோப்பிய ஏற்பாடு

ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஐரோப்பிய ஆணையமும் 2011இல் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. 2021இல் அமைச்சர்கள் மன்றமும் அதில் இணைந்தது. சட்டம் இயற்றுவோரைப் பாதிக்க முயலும் நிறுவனம், சங்கம், அறக்கட்டளை ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். வணிக நலன் சாராத அமைப்புகள் தம் மொத்த வரவு செலவையும், பெரிய நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் சொல்ல வேண்டும். ஆணையர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்பது 2014 டிசம்பர் முதல் வெளியிடப்படுகிறது.

நாடுகளின் அளவிலும் முயற்சிகள் உள்ளன. ஸ்பெயினில் 1904இல் பார்சிலோனாவில் தோன்றிய சேமிப்பு வங்கியின் வழிவந்தது 'லா கைஷா' அறக்கட்டளை. அது தன் முதலீட்டு நிறுவனத்தின் வழியாகக் கைஷாபேங்க் வங்கியில் பெரும் பங்கு வைத்துள்ளது. 2013 டிசம்பரில் ஸ்பெயின் இயற்றிய சட்டம், இத்தகைய அறக்கட்டளைக்கும் வங்கிக்கும் இடையிலான உறவை எழுத்தில் வரையறுத்து வெளியிட வேண்டும் என்றது. மத்திய வங்கியின் மேற்பார்வையையும் விதித்தது. உறவு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் திறந்து வை என்று சொல்வதே இச்சட்டத்தின் சிறப்பு.

அதன் குறைகள்

ஐரோப்பிய முறையை அப்படியே போற்றுவதற்கில்லை. பதிவேட்டில் உள்ள விவரங்களை அமைப்புகள் தாமே தருகின்றன, சரிபார்ப்பு குறைவு. 2022 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தை உலுக்கிய இலஞ்ச வழக்கில் பெயர் அடிபட்ட ஒரு தொண்டு நிறுவனம் பதிவேட்டிலேயே இல்லை. மனித உரிமைப் பணி என்ற பெயர் அதற்குக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தது. தொண்டு என்ற சொல் கேள்வியை நிறுத்திவிடும் என்பதே அந்த வழக்கு தரும் பாடம். வங்கி அறக்கட்டளைகளுக்கும் இது பொருந்தும்.

மறுப்புகள்

பதிவேடு வந்தால் சிறு தொண்டு அமைப்புகள் நசுங்கும் என்பர். சமூகப் பொறுப்புச் சட்டம் அளவு வைத்தது போல இதற்கும் அளவு வைக்கலாம். இரண்டு பேர் நடத்தும் சங்கத்தையும் பல கோடி செலவிடும் அறக்கட்டளையையும் ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

கலந்தாய்வு முறை ஏற்கெனவே உள்ளது என்றும் சொல்வர். சட்ட வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் முடிவு செய்தது. ரிசர்வ் வங்கியும் 2025 மே மாதம் 21 நாள் அவகாசமும் பொதுவான மறுமொழியும் தருவதாக அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பொதுவான மறுமொழியில் யார் என்ன சொன்னார் என்பது தெரியாது.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு வங்கி அறக்கட்டளையும் தன் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவ்வாண்டில் எந்த விதி அல்லது சட்டம் பற்றி எந்த அலுவலகத்துக்கு என்ன கருத்து அனுப்பியது என்று எழுதலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி, நிறுவனங்களிடமிருந்து பெறும் கருத்துகளைப் பெயரோடு வெளியிடலாம். தனிமனிதர் பெயரை விட்டுவிடலாம். அறக்கட்டளைக்கும் தாய் வங்கிக்கும் பொதுவான இயக்குநர்கள் யார் என்பதை ஒரே இடத்தில் காட்டலாம்.

பொருளியல், வணிகவியல் மாணவர்கள் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். தங்கள் குடும்பம் கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கியின் ஆண்டறிக்கையை எடுத்து, சமூகப் பொறுப்பு இணைப்பைப் படியுங்கள். எத்தனை ஊர், எத்தனை பயனாளி, எத்தனை கோடி என்பது அதில் இருக்கும். கொள்கை பற்றி அரசிடம் பேசியதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள். கணக்கு வைத்திருப்பவருக்கு அந்த உரிமை உண்டு.