மடாலயமும் மரப்பீப்பாயும்: பெல்ஜிய பீரின் பாணிகள்

பெல்ஜிய பீரின் ரசிகர்கள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 பெரிதா ரோஷ்ஃபோர் 10 பெரிதா என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். இரண்டும் கருத்த, கனத்த பீர். இரண்டும் துறவிகளின் மடாலயத்தில் காய்ச்சப்படுபவை. முன்னதில் ஆல்கஹால் 10.2 சதவீதம், பின்னதில் 11.3. அத்திப்பழமும் கருகிய சர்க்கரையும் கலந்த மணத்துக்கு ஒருவர் வாதாடுவார். மற்றவர் ரோஷ்ஃபோரின் காய்ந்த திராட்சை மணத்தையும், விழுங்கிய பின் நெஞ்சில் பரவும் சூட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டார். விடிய விடியப் பேசினாலும் வழக்கு தீராது. ஆனாலும் அது நியாயமான வழக்கு, ஏனென்றால் இருவரும் ஒரே பாணிக்குள் நின்று பேசுகிறார்கள். அந்த நேரத்தில் மூன்றாமவர் கூஸ் என்ற புளிப்பு பீரின் பாட்டிலொன்றைத் திறந்துவைத்து, உலகிலேயே சிறந்த பீர் இதுதான் என்றால், அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை. மூக்கு தேடுவது வேறு, நாக்கு எதிர்பார்ப்பது வேறு. பெல்ஜியத்தில் அளவுகோல் பாணிக்குப் பாணி மாறும். பல சமயம் ஆலைக்கு ஆலை மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு குடிப்பவருக்குத்தான் அந்த நாட்டு பீர் தன் முழு உருவத்தைக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு பாணிகள் ஒரு சிறிய நாட்டில் எப்படி முளைத்தன? பவேரியா 1516இலேயே தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர பீரில் எதுவும் சேரக் கூடாது என்று சட்டம் போட்டது. பெல்ஜியத்தின் மண்ணில் அப்படியொரு கட்டுப்பாடு வேர்விடவில்லை. சர்க்கரைப் பாகு, கோதுமை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், புளிப்புச் செர்ரி, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கொத்தமல்லி விதை என்று ஊருக்கு ஊர் ஒரு கைப்பக்குவம் வளர்ந்தது. பிறகு 1919இல் எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம், மதுக்கடைகளில் ஜெனீவர் போன்ற வடித்தெடுத்த சாராய வகைகளை ஊற்றிக் கொடுக்கத் தடை விதித்தது. அந்தத் தடை 1980கள் வரை நீடித்தது. காரமான ஒன்றைத் தேடியவர்கள் பீரிலேயே அதைத் தேடினார்கள். 8, 9 சதவீத பீர்கள் அங்கே இத்தனை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாணிகளில் மூத்தது லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரமும் அதன் மேற்கே ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பாயோட்டன்லாந்து கிராமப்புறமும்தான் இதன் பூமி. மற்ற பெரும்பாலான பீர்களுக்கு ஆலைக்காரர் ஈஸ்டைச் சேர்க்கிறார். லாம்பிக்குக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. பார்லி மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் முளைகட்டாத கோதுமையைச் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து போடுகிறார்கள். குளிர்ந்த காற்று உள்ளே வந்து போகிறது. காற்றிலும் கூரை மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சாற்றில் இறங்குகின்றன. காலையில் அது மரப்பீப்பாய்க்குப் போகும். அங்கே ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று கிடக்கும். ஹாப்ஸும் புதியது கூடாது. சில ஆண்டுகள் பழகிக் கசப்பு போனதைத்தான் போடுவார்கள், கெட்டுப்போகாமல் காக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்தியோன் ஆலைக்குள் போனால் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். 1978இலிருந்து ஆலையே அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. மரப்படியேறி மேலே போனால் செம்புத் தொட்டி. அதற்கப்பால் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலை. அந்த வலையை யாரும் துடைப்பதில்லை. பழம் ஊறும் இடத்தில் பழ ஈ மொய்க்கும், மருந்தடித்தால் காற்றில் உள்ள நல்ல உயிர்களும் சாகும், எனவே ஈக்களைச் சிலந்திகளிடமே விட்டுவிட்டார்கள். குளிர் மாதங்களில் மட்டுமே இங்கே காய்ச்ச முடியும். 2015 நவம்பரில் இரவுகள் போதிய அளவு குளிராததால் காய்ச்சுவதைத் தள்ளிப்போட நேர்ந்தது. பருவநிலை மாற்றம் ஒரு பானத்தின் கழுத்தை இவ்வளவு நேராகப் பிடிப்பதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பீப்பாயிலிருந்து எடுத்த லாம்பிக்கில் நுரை இராது. இளையதையும் முதியதையும் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை மறுபடி நொதித்துப் பொங்கும். அதுதான் கூஸ். எந்தப் பீப்பாயோடு எதைச் சேர்ப்பது என்பது கலப்பவரின் நாக்கு தீர்மானிப்பது. பேர்சல் ஊரின் ட்ரீ ஃபோன்டேனன் நிலையத்தைப் பல்லாண்டு நடத்திய அர்மான் டெபெல்டரை ரசிகர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூர்வது அந்த நாக்குக்காகத்தான். 2009இல் அவருடைய கிடங்கில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூட்டில் பல்லாயிரம் பாட்டில்கள் வெடித்தும் கெட்டும் போயின. அவர் தொழிலை விடவில்லை. கெட்டதை வடித்து ஒரு சாராயமாக்கி விற்று, மீண்டும் பீப்பாய்களுக்குத் திரும்பினார்.

புளிப்புச் செர்ரியைப் பீப்பாயில் ஊறவைத்தால் க்ரீக். கான்தியோனில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் பழம் போகிறது. குடித்தால் பழத்தின் சதையும் கொட்டையின் துவர்ப்பும் தெரியும், இனிப்பு தெரியாது. கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் இனிப்புச் செர்ரி பீரும் க்ரீக் என்ற பெயரில்தான் வருகிறது. அதைக் குடித்துவிட்டு லாம்பிக் எனக்குப் பிடிக்காது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறாது. அவர்கள் இன்னும் லாம்பிக்கையே குடிக்கவில்லை.

அடுத்து ட்ராப்பிஸ்ட். இதை ஒரு ருசியின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது காய்ச்சுபவரின் பெயர். 1997இல் மடாலயங்கள் கூடி அமைத்த சர்வதேச ட்ராப்பிஸ்ட் சங்கம் தன் முத்திரைக்கு மூன்று நிபந்தனைகளை வைத்தது. பீர் மடாலய வளாகத்துக்குள் காய்ச்சப்பட வேண்டும். துறவிகளே காய்ச்ச வேண்டும், அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் இன்று ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்ளேட்டரன் ஆகிய ஐந்தும் இதில் அடங்கும். ஆறாவதாக இருந்த ஆஹெலில் துறவிகள் இல்லாமல் போகவே 2021இல் முத்திரை போனது. அதே கொப்பரை, அதே செய்முறை. பீரில் அப்போது ஒரு சொட்டு மாற்றமில்லை. மடாலயத்தின் பெயரைத் தாங்கி வெளி ஆலைகளில் தயாராகும் லெஃப், க்ரிம்பெர்கன் போன்றவை 'ஆபி பீர்' என்ற தனி வகுப்பு. அவற்றில் நல்லவையும் உண்டு. ட்ராப்பிஸ்ட் என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த ஐந்துக்குள்ளேயே ருசியில் ஒற்றுமை தேடினால் ஏமாற்றம்தான். வெஸ்ட்மாலே 1934இல் வெளியிட்ட வெளிறிய ட்ரிப்பெல், 9.5 சதவீதத்தை மறைத்துவைத்துக்கொண்டு, ஹாப்ஸின் கசப்போடு வறண்டு முடியும். உலகெங்கும் ட்ரிப்பெல் என்ற பெயரில் வருவதெல்லாம் இதைப் பார்த்து எழுதிய நகல். நகல் எடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த வறட்சியை விட்டுவிட்டு இனிப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஷிமே மடத்தின் பீர்களில் நீல லேபிள்தான் பெரும்பாலோரை இந்த உலகத்துக்குள் அழைத்துவருகிறது. 1948இல் அங்கிருந்த தியோடோர் என்ற துறவி தனித்துப் பிரித்தெடுத்த ஈஸ்ட்தான் அதன் உயிர். வெஸ்ட்ஃப்ளேட்டரனின் கதை வேறு. 2005இல் உலக ரசிகர்கள் அதன் 12ஐ முதலிடத்தில் வைத்தபோது மடத்து வாசலில் கார்கள் வரிசைகட்டின. துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்தார்கள். முன்பதிவு செய்தவருக்கு மட்டும், அளவோடு. அந்த மறுப்பு எனக்கு அந்த பீரைவிடப் பெரிதாகப் படுகிறது. பக்கத்து ஊர் வாட்டோவில் உள்ள சின்ட் பெர்னார்டுஸ் ஆலை, 1946 முதல் 1992 வரை இதே மடத்தின் உரிமம் பெற்றுக் காய்ச்சியது. அதன் 'ஆப்ட் 12' எந்த வரிசையிலும் நிற்காமல் கிடைக்கும். இரண்டையும் அருகருகே ஊற்றி, பெயரை மறைத்துக் குடித்துப் பார்த்த பிறகே பட்டியல்களை நம்ப வேண்டும்.

மேற்கு ஃப்ளாண்டர்ஸின் ரூசெலார நகரில் ரோடன்பாக் ஆலை, ஆள் உயரத்தை விஞ்சும் ஓக் கலன்கள் ஏறத்தாழ 300ஐ வைத்துச் சிவந்த புளிப்பு பீரை ஈராண்டு வரை முதிரவைக்கிறது. ஔடனார்டே பக்கத்துப் பழுப்பு பீர் அதன் உறவு. தெற்கே வல்லோனியாவின் பண்ணைகளில், பருவ வேலைக்கு வந்தவர்களின் தாகத்துக்காகக் காய்ச்சியதிலிருந்து வந்தது செஸோன். தூர்ப் கிராமத்தின் டுப்போன் ஆலைச் செஸோனை ருசிக்காமல் மற்ற செஸோன்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது வீண். அதன் ஈஸ்ட் 30 டிகிரியையும் தாண்டிய சூட்டில் வேலை செய்யும். மிளகுக் காரமும் வைக்கோல் வறட்சியும் 6.5 சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். டூவல் தனியாள்; 1923இல் அந்தப் பெயர் பெற்று, 1970இல் இன்றைய பொன்னிறத்துக்கு மாறியது. நுரை கோபுரமாக எழும், உள்ளே 8.5 சதவீதம் அமைதியாகக் காத்திருக்கும்.

ஒரு பாணி செத்துப் பிழைத்த கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவுறாது. ஹூகார்டன் என்ற ஊரில் கோதுமையும் கொத்தமல்லி விதையும் குராசாவ் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வெள்ளை பீர் தலைமுறைகளாக இருந்தது. 1957இல் கடைசி ஆலையான டோம்சின் மூடப்பட்டது. இளமையில் அந்த ஆலையில் கையுதவிக்குப் போயிருந்த பால்காரர் பியேர் செலிஸ், 1966இல் தன் சொந்தப் பொறுப்பில் அதை மறுபடி காய்ச்சினார். ஊர் குடித்தது, பிறகு நாடு குடித்தது. 1985இல் ஆலை தீப்பிடித்தது. மீட்க வந்த பெருநிறுவனத்தின் கைக்கு ஆலை போனது. செலிஸ் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இன்று உலகில் யார் வெள்ளை பீர் காய்ச்சினாலும் ஒரு பால்காரரின் நினைவாற்றலுக்குக் கடன்பட்டவர்கள்.

இப்படிப் பிரிந்து கிடந்தவற்றைப் பாணிகளாக வகுத்து உலகுக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் (பாடகர் வேறு). 1977இல் வந்த அவருடைய உலக பீர் வழிகாட்டியும், 1991இல் பெல்ஜியத்துக்கென்றே எழுதிய நூலும்தான் நாம் இன்று பேசும் பிரிவுகளுக்கு அடித்தளம். 2016இல் பெல்ஜியத்தின் பீர் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் தரத்தைக் காவல் காக்கும் முத்திரைகளைக் கூர்ந்து பாருங்கள். ட்ராப்பிஸ்ட் முத்திரை யார் காய்ச்சினார் என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் காக்கும் 'ஔடே கூஸ்' என்ற பெயர், எப்படி நொதித்தது, எவ்வளவு வயது என்று கேட்கிறது: கலவையின் சராசரி வயது ஓராண்டுக்குக் குறையக் கூடாது, மிக மூத்த பங்கு மூன்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியை இரண்டுமே குடிப்பவரிடம் விட்டுவிடுகின்றன. இதைவிடக் கண்ணியமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. உலகத்தின் எல்லா பீரையும் நூறு மதிப்பெண்ணில் வரிசைப்படுத்தும் பட்டியல்களில் 11 சதவீதக் கரும் பீர்கள் மேலே போய் உட்கார்ந்துகொள்கின்றன. தினமும் மாலையில் குடிக்கத் தகுந்த செஸோன் கீழே தள்ளப்படுகிறது. ஒரு வாய் குடித்து மார்க் போடுகிறவருக்குக் கனம்தான் முதலில் தெரியும். முழுக் கிளாஸையும் குடித்து முடிப்பவருக்கே வறட்சியின் அருமை புரியும்.

என் சொந்த ருசி என்று கேட்டால், நான் ஓர்வால் கட்சி. பிரெஞ்சு எல்லைக்கு அருகே, இடிந்து கிடந்த மடாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டி 1931இல் தொடங்கிய ஆலை அது. மடாலயத்தை வரைந்த கட்டடக்கலைஞர் ஹென்றி வாஸே அதன் கோப்பையையும் வடிவமைத்தார். லேபிளில் வாயில் மோதிரத்தைக் கவ்விய மீன். கடைகளுக்கு வருவது ஒரே ஒரு பீர், 6.2 சதவீதம். முதிரும்போது ஹாப்ஸைக் காய்ந்தபடியே ஊறவிடுகிறார்கள். பிறகு பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் பாட்டிலுக்குள் தங்கி, மாதக்கணக்கில் மிச்ச இனிப்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. அடியில் மண்டி தங்கும். பாட்டிலை அசைக்காமல் மெல்லச் சாய்த்து, மண்டி கழுத்துக்கு வரும் முன் நிறுத்த வேண்டும். பாதாளக் குளிர் வேண்டாம். 12 டிகிரிக்கு மேல் வந்தால்தான் மணம் அவிழும்.

அடைத்த தேதி பாட்டிலிலேயே இருக்கும். ஓர்வால் ரசிகர்கள் பெயரைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குட்பட்டதில் ஹாப்ஸ் மணமும் ஆரஞ்சுத் தோலின் கூர்மையும் முன்னால் நிற்கும்; கசப்பு நேராக வரும். ஆறு மாதம் போனால் கசப்பு மழுங்கி, அவர்கள் 'குதிரைப் போர்வை' என்று அன்போடு சொல்லும் தோலும் வைக்கோலும் கலந்த மணம் எழும். மூன்றாண்டு தாண்டியதில் ஹாப்ஸ் அநேகமாக ஓய்ந்துபோய், எலும்பு வரை வறண்டிருக்கும். ஆலை ஓர்வாலுக்கென்று அங்கீகரித்த பெல்ஜிய மதுக்கடைகளில் இளையது, முதியது இரண்டும் வைத்திருப்பார்கள். எது வேண்டும் என்று பரிசாரகரே கேட்பார். முதியதுக்கே ஓட்டுப் போடுவது அங்கே வழக்கம். நான் ஓராண்டை ஒட்டியதைக் கேட்பேன். கசப்பு இன்னும் விடைபெறாமல் இருக்கிறது, காட்டு ஈஸ்ட் வந்து உட்கார்ந்துவிட்டது, இரண்டும் ஒன்றையொன்று அமுக்காத சில மாதங்கள் அவை.