மூச்சைப் பிடிக்கச் சொல்லும் வேலை

மார்பு எக்ஸ்ரே பார்வைக்குப் பொத்தான் அழுத்தும் வேலை. உண்மையில் அது ஆளைச் சரியாக நிறுத்தும் வேலை. நோயாளியின் மார்பு தட்டோடு ஒட்டியிருக்க, கதிர் முதுகுப் பக்கமிருந்து சுமார் 180 செ.மீ. தொலைவில் புறப்பட வேண்டும். அப்போதுதான் இதயம் பெருத்துத் தெரியாது. தோளை முன்னே தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும்.

பிறகு மூச்சு. “நல்லா இழுங்க, அப்படியே புடிங்க!” அரைமூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெளுத்து, இல்லாத நோயையும் காட்டும். முதுகுப்புற விலா எலும்புகள் ஒன்பது, பத்து எண்ண முடிந்தால் படம் தேறியது. தெலுங்கு பக்தர்களும் வெளிநாட்டவரும் தங்கும் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் இந்த ஒரு வாக்கியத்துக்கே பல மொழி தேவை. மொழி தீர்ந்தால் டெக்னீஷியன் தானே மூச்சிழுத்துக் காட்டுவதுதான் வழி. அதுவே பெரும்பாலும் சிறந்த வழியும்கூட.

நிறுத்தும் விதம் மார்புக்கு மட்டுமல்ல. இவ்வூரின் 14 கி.மீ. கிரிவலத்தில் வலியெடுத்த முழங்காலை நிற்கவைத்தே எடுப்பது நல்லது. படுத்தால் மூட்டின் இடைவெளி அகன்று தேய்மானம் மறைந்துவிடலாம்.

படம் எடுப்பவர் சட்டையில், அவர்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் உண்டு. இந்தியாவில் இவருக்கான கதிர்வீச்சு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.