புல்தரையும் ஆப்புக் குழிகளும்

மாமல்லபுரத்துக் குன்றைச் சுற்றிலும் இன்று புல்தரை, வேலி, நடைபாதை, இரவில் விளக்கு. 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் வந்து போனதையொட்டி அலங்காரம் இன்னும் கூடிற்று. வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்க்கவும் கட்டணம் வந்தது. அதையடுத்த சரிவில், குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி வழவழப்பாகிப்போன தடம் ஒன்று உண்டு. இந்த ஊருக்குப் பூங்கா என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான்.

பூங்காவே கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால் புல்தரை நம்மீது ஒரு பார்வையைச் சுமத்திவிடுகிறது. சிற்பம் முடிந்துபோன பொருள், சட்டமிட்ட படம், மற்றதெல்லாம் வெறும் பின்னணி என்கிற பார்வை. இங்கோ பின்னணி என்று பிரித்துவிடக்கூடியது எதுவுமில்லை. வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பிறக்கிப் பாறையைப் பிளந்த தடங்கள் பல இடங்களில் கிடக்கின்றன. பீம ரதத்தின் அடிப்பாகம் முடிக்கப்படாதது. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள் என்பதை அந்த மொண்ணைக் கல்லே காட்டிவிடுகிறது, பெயர்ப்பலகை தேவையில்லை. பெரிய தபசுக்குத் தெற்கே அதே விஷயத்தைத் தொடங்கி அரைகுறையாக விட்ட இன்னொரு பாறை இருக்கிறது. அங்கே நிற்பவர்கள் குறைவு. பல்லவச் சிற்பியின் மனம் இயங்கிய விதத்தை அறிய எனக்கு அதுவே முக்கியமான இடம்.

பெரிய தபசு அர்ச்சுனனுடையதா பகீரதனுடையதா என்ற சர்ச்சை ஓயப்போவதில்லை. நடுப்பிளவில் நாகர்கள், உச்சியில் நீர்த்தொட்டி இருந்த அடையாளம். அந்தப் பிளவில் நீர் இறங்குவதை மனத்தில் கண்டால் பாறை முழுவதும் அசையத் தொடங்கும். பூங்காவைத் திருத்துகிறவர்கள் பார்வையாளனின் கண்ணை அந்த உச்சிக்குத் திருப்ப வழி தேடட்டும். மலர்ப்பாத்தி எந்த ஊரிலும் கிடைக்கும்.

கடற்கரைக் கோயிலின் வடபுறத்தில் 1990இல் மணலை அகற்றியபோது பூவராகமும் சிறு கோயிலும் கொண்ட குளம் வெளிப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பாறை கண்ணில் பட்டது. 2005இல் தோண்டியபோது செங்கல்லாலான பழைய முருகன் கோயில் கிடைத்தது. இங்கே மரபு தெரியவந்ததெல்லாம் ஏதோ ஒன்று விலகியதால். நம் திட்டக்காரர்களுக்கோ சேர்க்கத்தான் தெரிகிறது.

வேலிக்கு வெளியே தெருவில் உளிச் சத்தம் இன்னும் கேட்கிறது, இப்போது மின்கருவியின் இரைச்சலோடு. 1957 முதல் இங்கே சிற்பக் கல்லூரி. 2017இல் ஊரின் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு. அந்தச் சிற்பிகளில் ஒருவரைப் பூங்காவுக்குள் உட்காரவைத்து, கொண்டுவந்த கல் ஒன்றில் ஆப்பிறக்கிப் பிளந்து காட்டச் சொல்லலாம். தூசி பறக்கும். புல் கொஞ்சம் வெளுத்துப் போகும்.